எந்த மேல? ராசிபுரம் தாண்டி ஒரு ஜவ்வரிசி மில்லுக்குப் போன கதை

இதுவரை இந்தப் பக்கத்தில் அருவி, அணை, மலை என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். இந்த முறை போனது ஒரு ஜவ்வரிசி மில்லுக்கு. அதுவும் என் மனைவி ஜெசிந்தாவுக்குத் துணையாக. அவள் விசிட்டிங் கார்டில் 'அறிவு மேலாண்மை ஆலோசகர்' என்று இருக்கும். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் ஆகியும், அது என்ன வேலை என்று யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர் சம்பந்தமா" என்று சொல்லி நழுவிவிடுவேன். எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியார் ஒருமுறை, "அறிவை மேனேஜ் பண்றதுக்கு முதல்ல அது இருக்கணுமேப்பா" என்று சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

தை மாதம், கிழங்கு சீசன் உச்சத்தில் இருந்த ஒரு சனிக்கிழமை. மில்லில் கேஸ் பிளான்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கராசு வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான திருச்செங்கோட்டுக்கே போய்விட்டார். அவர் மகன் போர்வெல் போடும் ரிக் வண்டி எடுத்திருக்கிறானாம். அவர் இடத்துக்குக் கெங்கவல்லிக்காரர் சரவணன் வந்திருக்கிறார். பழையவர் தலையில் இருப்பதைக் கேட்டு வாங்கிப் புதியவருக்குப் புரியும்படி ஆக்கிக் கொடுப்பதற்குத்தான் ஜெசிந்தாவைக் கூப்பிட்டிருந்தார்கள். தங்கராசுவிடம் போனில் பேசி, முக்கியமானதை ஒரு பக்கத்துக்கு எழுதி, முந்தின நாளே சரவணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள்.

கேஸ் பிளான்ட் என்றால் பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. கிழங்கு கழுவிய தண்ணீரை ஒரு குட்டையில் விட்டு, மேலே ஷீட்டைப் போர்த்தி மூடிவிடுகிறார்கள். உள்ளே புளித்துக் கிளம்பும் கேஸ் குழாய் வழியாக வந்து, ஜவ்வரிசி வறுக்கும் அடுப்பில் எரிகிறது. எரியும் என்றால் வெடிக்கவும் செய்யும் என்பது என் கணக்கு. குக்கர் விசில் அடித்தாலே ஓரடி தள்ளி நிற்கிற ஆள் நான்.

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் காலை எட்டரைக்கு ஏறினோம். மல்லூர் வழியாக ராசிபுரம் கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம் ஆகும். ராசிபுரத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம். நாமகிரிப்பேட்டை தாண்டி உள்ளே போக டிரைவர் முந்நூற்றைம்பது ரூபாய் கேட்டார். பேரம் பேசிப் பார்த்தேன், மசியவில்லை.

ஆட்டோவில் இருக்கும்போது மில் மேனேஜர் போன் செய்தார். "வாங்க மேடம், நெதானமா வாங்க. இன்னிக்குக் கேஸ் பைப்புல ஒரு ஓட்டையை வெல்டிங்ல பத்த வெக்கறமுங்க. சரவணன் உங்க பேப்பரை வெச்சே வால்வை அடைச்சுட்டானுங்க." ஜெசிந்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான்.

பிரிவு ரோட்டில் திரும்பியதும் இன்னும் எவ்வளவு தூரம் என்று டிரைவரிடம் கேட்டேன்.

"அந்த மேல தோட்டத்தத் தாண்டுனா மில்லுங்க சார்."

நான் தலையை வெளியே நீட்டிப் போதமலையை அண்ணாந்து பார்த்தேன். "மலை மேலயா? ஆட்டோ ஏறுமா?"

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏனுங்க சார், மேலன்னா ஒசரத்துலயாங்க? மேக்கங்க, மேக்க! எங்கூர்ல தோட்டத்த அப்பிடித்தானுங்க சொல்றது."

நானும் அசடு வழியச் சிரித்தேன். மேலத் தெரு என்றால் மேற்குத் தெரு என்று எனக்குத் தெரியாதா? தோட்டத்துக்கும் அப்படிச் சொல்வார்கள் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் ஜெசிந்தா சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது. போனில், தான் அனுப்பிய பக்கத்தை எடுத்து என்னிடம் காட்டினாள். 'வெல்டிங் செய்யும் முன் மேல வால்வை அடைக்கவும்' என்று இருந்தது.

"தங்கராசு அண்ணன் சொன்னதை அப்படியே எழுதிட்டேங்க. எந்த மேலன்னு கேக்கவே இல்ல" என்றாள்.

அவளுக்கு வந்த பயம் எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. தங்கராசு சொன்னது மேற்கு வால்வாக இருந்து, சரவணன் உயரத்தில் இருப்பதை அடைத்திருந்தால்? சரவணனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மேனேஜரும் எடுக்கவில்லை. "கொஞ்சம் வேகமா போங்கண்ணா" என்றாள். ஆனால் வேகமாகப் போக வழியில்லை. மில் வாசல் வரைக்கும் கிழங்கு லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஒவ்வொரு லாரியையும் உரசிக்கொண்டு ஆட்டோ நகர, எந்த நொடியில் சத்தம் கேட்குமோ என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

கடைசி இரண்டு லாரிகளைத் தாண்டப் பொறுமையில்லாமல் அவள் இறங்கி ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். மில் முழுக்கப் புளித்த வாடை. இந்த வாடையில் கேஸ் கசிந்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது?

குழாய்க்குக் கீழே வெல்டர் முருகேசன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தார். "நிறுத்துங்க!" என்று ஜெசிந்தா கத்தினாள். அப்படி ஒரு குரல் அவளிடம் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

மேனேஜருக்குக் கோபம். "ஏனுங்க மேடம், அடுப்பு நின்னு லோடெல்லாம் காத்துக் கெடக்குது. நீங்க எழுதுன மாதிரிதானுங்க பண்ணியிருக்குது."

"எந்த வால்வை அடைச்சீங்க சரவணன்?"

"மேல வால்வுதான் மேடம்." சரவணன் தலைக்கு மேலே கை காட்டினார். "மேலன்னா மேலதானே? இதுல என்னா சந்தேகம்?"

அவள் போய் முருகேசனுக்கும் குழாய்க்கும் நடுவில் நின்றுகொண்டாள். நின்றபடியே தங்கராசுவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட வேண்டும் என்று எனக்குப் பதறியது. ஆனால் நின்ற இடத்திலேயே நின்று, மாதாவே, மாதாவே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"தங்கராசு அண்ணா, மேல வால்வுன்னா எது?"

"மேல வால்வுங்களா? மேக்கால செவுத்தோரமா, தரைக்கிட்ட இருக்குதுங்களே, அதுதானுங்க. குட்டையில இருந்து கேஸ் வாரது அதுலதான்." ஒரு நொடி நிறுத்தினார். "ஒசரத்துல இருக்கறதத் தொட்றாதீங்க சாமி. அது மிச்ச கேஸ் வெளிய போற வழிங்க. அதை அடைச்சா பைப்பு பூராவும் கேஸ் ரொம்பிக்கும்."

முருகேசன் கையில் இருந்ததைச் சத்தமில்லாமல் தரையில் வைத்துவிட்டு, மெயின் சுவிட்சை அணைக்கப் போனார். சரவணன் மேற்குச் சுவரைப் பார்த்தபடியே நின்றார். மேனேஜர் எல்லாரையும் வாசலுக்குப் போகச் சொன்னார். அதன் பிறகு தங்கராசு போனில் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் செய்தார்கள். அன்று வெல்டிங் நடக்கவில்லை.

வாசல் டீக்கடையில் முருகேசன் டீயைக் குடிக்காமல் டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். "ஊட்ல மதியம் கறிச்சோறுன்னு சொல்லுச்சுங்க. சீக்கிரம் முடிச்சுட்டுப் போலாம்னு இருந்தேன்" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது ஜெசிந்தா அழுதாள். "அந்த டிரைவர் மட்டும் சொல்லாம இருந்தா, என் பேப்பர்தானேங்க அவரைக் கொன்னிருக்கும்." நான் சமாதானம் சொன்னேன். ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை. தங்கராசுவுக்கு அது விளக்க வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. சரவணனுக்கோ கேட்டால் வேலை தெரியாதவன் என்பார்களோ என்ற பயம். வெளியாள் ஒருத்தர் வந்து, அசடு என்று பேர் வாங்கினாலும் பரவாயில்லை என்று 'எந்த மேல?' என்று கேட்க வேண்டியிருக்கிறது. எழுதிக் கொடுப்பதை யாரும் செய்யலாம். ஜெசிந்தாவுக்குச் சம்பளம் அந்தக் கேள்விக்குத்தான் என்று எனக்கு அன்று புரிந்தது. மறுவாரம் திரும்பப் போய், ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு நிறம் அடிக்கவைத்துவிட்டுத்தான் வந்தாள்.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: சீசனில் கிழங்கு லாரிகள் ரோட்டை அடைத்துக்கொள்ளும், அரை மணி நேரம் கூட்டி வைத்துக் கிளம்புங்கள். திரும்பி வர ஆட்டோ சுலபமாகக் கிடைக்காது, போன ஆட்டோவையே காத்திருக்கச் சொல்லுங்கள். மில்லுக்குள் காற்று வருகிற திசையில் நில்லுங்கள். வழி கேட்டால் திசையையும் சேர்த்துக் கேளுங்கள், சிரித்தால் சிரிக்கட்டும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து காபி போட்டேன். "கேஸை அடைச்சிட்டீங்களா?" என்று ஜெசிந்தா ஹாலில் இருந்து கேட்டாள். பதினெட்டு வருடமாகத் தினமும் கேட்கிற கேள்விதான்.

"அடைச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பிறகு எழுந்து போய்ப் பார்த்தேன். நான் அடைத்திருந்தது அடுப்பின் குமிழை. அவள் இத்தனை வருடமும் கேட்டுக்கொண்டிருந்தது சிலிண்டரை.