இரண்டு மணி வரை காத்திருக்கும் கண்

காலை ஏழரைக்குப் போன் வந்தது. நான் கொத்து வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சென்னைக் கண் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் பேசியது.

"கண்ணு ஒண்ணு வந்திருக்குங்க. ரெண்டு மணிக்குள்ள உங்க வீட்டம்மாவ கூட்டிட்டு வந்துடுங்க. இல்லன்னா லிஸ்ட்ல அடுத்தவங்களுக்குப் போயிடும்."

சரி என்றேன். போனை வைத்துவிட்டு, எடுத்த கொத்துக் கரண்டியைத் திரும்ப மூலையில் போட்டேன்.

என் மனைவிக்கு வலது கண் சின்ன வயதிலேயே அம்மையில் போய்விட்டது. இடது கண் ஒன்றை வைத்துக்கொண்டுதான் நடவு நட்டாள், அறுப்பு அறுத்தாள், என்னையும் கண்காணித்தாள். போன வருஷம் கதிர் அடிக்கும்போது அந்தக் கண்ணில் நெல் சுணை பட்டது. தாய்ப்பால் விட்டால் சரியாகும் என்று தெருவில் சொன்னார்கள். விட்டோம். நாலு நாளில் கண் வெள்ளையாகப் பூத்துப்போனது. டாக்டர் திட்டினார். செத்துப்போனவர் கண் கிடைத்தால் மாற்றலாம் என்று பேர் எழுதிக்கொண்டார்.

ஏற்கெனவே ஒரு தடவை கூப்பிட்டார்கள். போனோம். செஞ்சி பஸ் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும். அவசரம் என்று அங்கே வாடகைக்குக் கார் வைத்தேன். பல்லாவரத்தில் கார் நின்றது. முன்னால் வண்டி, பின்னால் வண்டி. டிரைவர் பாட்டுப் போட்டார். நான் வெளியே பார்த்தேன். அவள் "எங்க இருக்குறோம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். போய்ச் சேர்ந்தபோது அந்தக் கண்ணை வேறு யாருக்கோ வைத்துவிட்டார்கள். நர்ஸ் தப்பாக ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று நாள் என் மனைவிதான் என்னோடு பேசவில்லை.

அதனால் இந்தப் போனுக்கு எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பெண்ணுக்கு எங்களைத் தெரியும். ஆஸ்பத்திரிக் காகிதமெல்லாம் அங்கேதான் ஜெராக்ஸ் எடுப்போம். என் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனபோது அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தது. போன் வந்ததைச் சொன்னேன்.

"மாமா, இந்த தடவ கார் வெக்காதீங்க. ரோட்ட நம்பினா முடிஞ்சிது."

"வேற இன்னாம்மா பண்றது?"

"ஒரே சீட்டு இருக்குது. டவுன் பஸ், ரயிலு, மெட்ரோ, மூணுக்கும் அதுதான். ஒவ்வொரு இடத்துலயும் க்யூல நிக்க வேணாம். அவலூர்பேட்டை ஆட்டோ திண்டிவனம் பஸ் வர்ற வரைக்கும் நிக்குதுல்ல, அந்த மாதிரி ஒண்ண வுட்டு எறங்கினா இன்னொண்ணு இருக்கும்."

"நம்ம ஆட்டோக்காரன் கை காட்டினா நிப்பான். அங்க நிப்பானா?"

"நிக்க மாட்டான். ஆனா பின்னாலயே அடுத்தது வந்துடும், மாமா. பயப்படாதீங்க."

தன் போனிலேயே எங்கள் இரண்டு பேருக்கும் சீட்டு வாங்கி, ஒரே காகிதத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தது. நடுவில் கறுப்புப் புள்ளிகளாக இரண்டு கட்டம். என் நம்பிக்கை மொத்தமும் அந்தக் காகிதத்தில். நான் படித்தது மூணாவது. வண்டலூரில் ரயில், கிண்டியில் மெட்ரோ என்று விரலை மடக்கி மடக்கி மனசில் ஏற்றிக்கொண்டேன்.

கிளாம்பாக்கத்தில் இறங்கும்போது மணி பன்னிரண்டு அடிக்க இருந்தது. டவுன் பஸ் நின்றிருந்தது. கண்டக்டர் காகிதத்தைப் பார்த்துத் தலையாட்டினார். வண்டலூரில் இறங்கி, அவள் கையைப் பிடித்துப் படி ஏறினேன். ஒவ்வொரு படிக்கும் "படி, படி" என்றேன்.

"எத்தினி படின்னு எண்ணிச் சொல்லுய்யா. நம்ம செஞ்சிக் கோட்ட மலையே ஏறிடலாம் போல இருக்குது" என்றாள்.

ரயில் வந்தது. உட்கார இடம் கிடைத்தது. தாம்பரம் தாண்டியதும் ஜன்னல் வழியாக ரோடு தெரிந்தது. வண்டிகள் அப்படியே நின்றிருந்தன. நடுவில் ஒரு ஆம்புலன்ஸ் விளக்கைச் சுற்றிக்கொண்டு நின்றது. அன்றைக்கு நாங்கள் நின்ற இடம். ரயில் அதைக் கடந்துபோனது.

"எங்க இருக்குறோம்?" என்றாள்.

"பல்லாவரம்."

"நின்னுடுச்சா?"

"இல்ல. போவுது."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. நான்தான் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. போகிறது என்று சொல்லி, அடுத்த நிமிஷமே நின்றுவிட்டால்?

நிற்கவில்லை. கிண்டியில் இறங்கி மெட்ரோவுக்குப் போனோம். அங்கே வாசலில் கதவு மாதிரி ஒரு மிஷின். சீட்டைக் காட்டினால்தான் திறக்கும். சட்டைப் பையில் கை விட்டேன். காகிதம் இல்லை. வேட்டி மடிப்பைப் பார்த்தேன். பையைக் கொட்டினேன். இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் சீட்டைக் கசக்கிப் போட்டுவிடுவது எனக்குப் பழக்கம். கிளாம்பாக்கத்தில் ஏதோ காகிதத்தைக் கசக்கிப் போட்டது ஞாபகம் வந்தது. மணி ஒன்று. அந்தக் கண்ணை நானே குப்பையில் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். எத்தனையோ சாரத்தில் ஏறியிருக்கிறேன். ஒரு தடவை விழுந்தும் இருக்கிறேன். அந்த வாசலில் நின்ற மாதிரி என்றைக்கும் பயந்ததில்லை.

"இன்னா தேடற?" என்றாள்.

"சீட்டு. போட்டுட்டேன் போல."

"நீ போட்டது செஞ்சி பஸ் சீட்டு. இத டவுன் பஸ்லயே எங்கிட்ட குடுத்துட்ட. கைல குடுத்தத பையில தேடறான் பாரு."

இடது கையைப் பிரித்தாள். காகிதம் சுருண்டு, வேர்வையில் ஊறி, மை பரவிக் கிடந்தது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வழியெல்லாம் என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டு வந்தவள், இதை எப்படிப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று.

மிஷின் எடுக்கவில்லை. இரண்டு தடவை வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. சீருடை போட்ட ஒரு பெண் வந்து வாங்கிப் பார்த்தது.

"என்னம்மா, சீட்ட கொழுக்கட்டையா புடிச்சி வெச்சிருக்கீங்க?"

"கண்ணு ஆஸ்பத்திரிம்மா. ரெண்டு மணிக்குள்ள போவணும்" என்றேன்.

அந்தப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டது. கீழே இருந்த நம்பர் அழியவில்லை. அதைப் பார்த்து எங்கேயோ தட்டி, கதவைத் திறந்துவிட்டது. லிஃப்ட் வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தது.

ஆஸ்பத்திரியில் நுழையும்போது ஒன்றே முக்கால். பேரைச் சொன்னதும் அவளை உள்ளே கூட்டிப்போனார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் எந்த வீட்டிலோ அழுதுகொண்டிருப்பார்கள் என்று தோன்றியது. அவர்களுக்காகக் கும்பிட்டேன்.

இப்போது அவளுக்குப் பார்வை வந்திருக்கிறது. ஊசியில் நூல் கோர்க்க முடியாது. என் முகம் தெரிகிறது. உடம்பு ஏற்றுக்கொள்ளாவிட்டால் மறுபடியும் மங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மாதம் ஒரு தடவை காட்டப் போகிறோம். அதே பஸ், ரயில், மெட்ரோ. அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஸ்டேஷன் பெயரை எனக்குப் படித்துச் சொல்கிறாள்.

சீட்டு மட்டும் இன்னும் அவள் கையில்தான்.

"இப்பதான் கண்ணு தெரியுதே. இன்னாத்துக்கு அத இறுக்கிப் புடிச்சிருக்க?" என்று போன மாதம் கேட்டேன்.

"உங்கிட்ட குடுத்தா கசக்கிப் போட்டுடுவ."

கையைப் பிரித்துப் பார்த்தேன். சீட்டு அன்றைக்கு மாதிரியே நனைந்திருந்தது.