பச்சைப் பாய் தொங்கினால் காலி

மாதம்மாளிடம் யாராவது சிரித்துப் பேசினால் அவள் கண் முதலில் போவது அவர்கள் கைக்குத்தான். என்னத்தைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்களோ என்ற பார்வை. கடவுள் நேரில் வந்து வரம் தருகிறேன் என்றாலும், "எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவாள். அப்படி ஒரு மனுஷி.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஓசூரில் பேக்டரிகள் வரிசையாக முளைத்து, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த கேழ்வரகுக் காடெல்லாம் தெருவாகிவிட்டது. அந்தத் தெரு ஒன்றில் தங்கதுரையின் இரண்டு மாடிக் கட்டடம். கீழே முனிராஜின் எஸ்டிடி பூத், முதல் மாடியில் ஒரு பேக்டரிக் குடும்பம், இரண்டாம் மாடியில் நாள் வாடகை வீடு. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, பாத்திரங்களோடு சமையலறை, தெருவைப் பார்த்த பால்கனி. கோடை வந்தால் சேலத்திலிருந்தும் மெட்ராசிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். பெங்களூர் லாட்ஜ் வாடகை கட்டுப்படியாகாதவர்கள் இங்கே சோறாக்கித் தின்று, பகலில் பெங்களூர் போய் லால்பாக்கைப் பார்த்துவிட்டு, ராத்திரி இந்தக் குளிரில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள்.

வீட்டுச் சாவி மாதம்மாளிடம். இந்தக் கட்டடத்துக்கு மண் சுமந்தவள் அவள். நாகரசம்பட்டிப் பக்கத்திலிருந்து புருஷனோடு சித்தாள் வேலைக்கு வந்தவள்; கட்டி முடிவதற்குள் அவன் போய்ச் சேர்ந்தான். தங்கதுரை தூத்துக்குடிக்காரர், பெங்களூரில் மரக்கடை வைத்திருப்பவர், மனசாட்சிக்குப் பயந்தவர். மாடிப்படிக்கு அடியில் ஒரு அறையைக் கொடுத்து, "மேல் வீட்டைப் பாத்துக்கிட்டு இங்கனயே இரும்மா" என்றார். அன்றிலிருந்து அந்த அறைதான் அவளுக்கு ஊர், உறவு எல்லாம். சிங்காரப்பேட்டையில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்கு ஒரு தீபாவளிக்குப் போனவள், சம்பந்தியம்மாள் தட்டில் சோற்றை வைத்த விதம் பிடிக்காமல் மறுநாளே பஸ் ஏறிவிட்டாள்.

வருகிறவர்களை அவள் சோதிக்கும் சோதனை போலீஸ் ஸ்டேஷனில்கூட நடக்காது. புருஷன் பெண்டாட்டி என்று வந்தால் அவனைப் படிக்கட்டில் நிறுத்தி வைத்துவிட்டு, அவளை உள்ளே கூப்பிட்டு மாமியார் பெயரைக் கேட்பாள். பிறகு வெளியே வந்து அவனிடம் அம்மா பெயரைக் கேட்பாள். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் சாவி. ஒருமுறை பேக்டரிக்கு மிஷின் பார்க்க வந்த வடக்கத்தி என்ஜினியர் ஒருவர், பேச்சு புரியாமல் திருதிருவென்று விழித்த குற்றத்துக்காக லாட்ஜுக்கு நடையைக் கட்டினார்.

வீடு கேட்டு வரும் போன் எல்லாம் முனிராஜ் பூத்துக்குத்தான் வரும். அவன் உள்ளூர்க்காரன், வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். போன் வந்தால் ஐந்து நிமிஷம் கழித்துக் கூப்பிடச் சொல்லிவிட்டு, தெருவில் இறங்கிக் கையைத் தட்டுவான். "அக்கா, காலியா?" மேலேயிருந்து "காலி" என்றோ, "ஆள் இருக்கு" என்றோ பதில் வரும். அவ்வளவுதான் ஏற்பாடு. சில வருஷம் ஒழுங்காகத்தான் ஓடியது.

அந்தப் பங்குனியில் ஒரே நாளில் இரண்டு குடும்பம் வந்து இறங்கிவிட்டது. யார் தப்பு என்று இன்றைக்கும் தெரியாது. ஒரு குடும்பம் தெருவில் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டது, குழந்தை அழுதது. முனிராஜ் பாவம் பார்த்து அவர்களைப் பஸ் நிலையத்து லாட்ஜுக்கு அனுப்பி வைத்தான். லாட்ஜில் மேனேஜர் அவனுடைய மச்சான். அது போதாதா மாதம்மாளுக்கு?

"ஓகோ, சங்கதி இப்பிடிப் போவுதா" என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். அவனோடு பேச்சை நிறுத்தினாள். கடைசியாக அவனிடம் சொன்னது இதுதான்: "இனிமே கையத் தட்டற வேல வேணாம். பால்கனியில பச்சப் பாய் தொங்குனா காலி. தொங்கலீன்னா ஆள் இருக்குது. கண்ணு தெரியுதில்ல?"

"தெரியுதுக்கா" என்றான் முனிராஜ்.

சித்திரை பிறந்தது. பள்ளிக்கூடம் விட்டார்கள். பச்சைப் பாய் பால்கனியில் தொங்கியது, தொங்கியது, தொங்கிக்கொண்டே இருந்தது. ஒரு ஆள் வரவில்லை. போன வருஷம் இதே நாளில் தலையணை உறை மாற்ற நேரமில்லாமல் ஓடியவள், இப்போது காலி வீட்டைத் துடைத்துத் துடைத்து நின்றாள். கீழே பூத்தில் போன் மணி அடிப்பது மட்டும் நன்றாகக் கேட்டது.

ஒரு நாள் படிக்கட்டு ஜன்னலோரம் நின்று காதைக் கொடுத்தாள். முனிராஜ் ரிசீவரைக் கையால் பொத்தியபடி எட்டிப் பால்கனியைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்ப அங்க ஆவாதுங்க... கொஞ்ச நாள் போவட்டும்... பஸ் ஸ்டாண்டுகிட்ட லாட்ஜ் இருக்குதுங்க, சொல்லி வெக்கறேன்" என்றான். மாதம்மாளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. பாய் கண்ணுக்கு முன்னால் தொங்குகிறது, இந்தப் பாவி இல்லை என்கிறான்!

அதோடு விட்டதா? தெருவே சேர்ந்துகொண்ட மாதிரி இருந்தது. பால்காரர் படியேறுவதை நிறுத்திவிட்டு, கேட்டுக்கு வெளியிலேயே பாலை வைத்துவிட்டுப் போனார். துணி வெளுப்பவர், "பெட்ஷீட்டு இப்ப வேணாம்மா, அப்பறமா வாங்கிக்கறேன்" என்று நழுவினார். முதல் மாடியில் அலறிக்கொண்டிருந்த ரேடியோ திடீரென்று முணுமுணுத்தது. அவள் நடந்து வந்தால் பேசிக்கொண்டிருந்த பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மரியாதையாம்! மரியாதைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா?

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது இளநீர்தான். காலையில் கதவைத் திறந்தால் மாடிப்படிக்குக் கீழே ஒரு இளநீர். யார் வைத்தது என்று தெரியாது. இரண்டு நாள் விட்டு இன்னொன்று. செய்வினை வைக்கிறான் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. துடைப்பத்தால் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய்ச் சாக்கடையில் விட்டாள், கையால் தொடவில்லை. பூத்திலிருந்து முனிராஜ் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். முகம் வாடிப் போயிற்று அவனுக்கு. மாட்டிக்கொண்ட வாட்டம் என்று எடுத்துக்கொண்டாள் மாதம்மாள்.

தங்கதுரையின் போன் வந்தது. பூத்துக் கூண்டுக்குள் முனிராஜுக்கு முதுகைக் காட்டி நின்று பேசினாள்.

"என்னம்மா, லீவுல ஒரு ஈ காக்கா வரலேங்கியே. வைகாசி பொறந்தும் இப்படியே இருந்தா நான் கம்பெனிக்கு விட்டிருவேன். டிரெய்னிங் பயலுவ தங்கட்டும். அவங்களே வாட்ச்மேன் போட்டுக்கிடுவாங்க. நீ மவ வீட்டுக்குப் போயிரு, என்ன?"

ரிசீவரை வைத்தபோது சிங்காரப்பேட்டைத் தட்டு கண்ணுக்குள் வந்துபோனது. இத்தனைக்கும் காரணம் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து மீட்டர் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறது என்று நினைத்தபோது அழுகைக்குப் பதில் வெறிதான் வந்தது. நேரே பஸ் நிலையத்துக்கு நடந்தாள். அங்கே வேறொரு பூத்திலிருந்து தங்கதுரையைக் கூப்பிட்டாள்.

"நேர்ல வாங்கய்யா. உங்க வூட்டுக்குக் கீழயே ஒரு திருடன் குந்திகினு இருக்கறான். கையும் களவுமா காட்டறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கதுரை வந்தார். காரை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக மாதம்மாள் பிடித்துக்கொண்டாள். தெரு கூடிவிட்டது. அவள் ஒன்றையும் விடவில்லை: மச்சான் லாட்ஜ், போனில் குசுகுசு, பால்காரரைக் கலைத்தது, துணிக்காரரைக் கலைத்தது, செய்வினை இளநீர். "இவன் என் வயித்துல அடிக்கறாங்கய்யா! பாய் தொங்குது, தெனம் தொங்குது! இவன் காலியில்லன்னு சொல்லி ஆளத் தள்ளி வுடறான்! கேளுங்க, இல்லன்னு சொல்லச் சொல்லுங்க!"

முனிராஜ் இல்லை என்று சொல்லவில்லை. பூத்தை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டபடி நின்றான்.

"சத்தம் போடாதீங்கக்கா. நான்தாங்க அனுப்புனேன். பாய் தொங்குது, அதுக்குப் பக்கத்துல வேப்பெலயும் தொங்குதே. அம்மா வந்திருக்கற வூட்டுல வெளி ஆள எப்பிடிங்க தங்க வெக்கறது? தப்பாயிடாதா?"

எல்லாத் தலையும் மேலே திரும்பியது. மாதம்மாளும் பார்த்தாள். பச்சைப் பாய்க்குப் பக்கத்தில், கொடி முழுக்க, தோரணம் கட்டிய மாதிரி வேப்பிலைக் கொத்துகள். பால்கனியில் தண்ணீர் வெளியேறும் குழாயிலிருந்து சுவரில் மஞ்சள் மஞ்சளாய் வழிந்த தடம்.

விஷயம் இதுதான். பங்குனிக் கடைசியில் தங்கிப்போன ஒரு கூட்டம் படுக்கையில் மூட்டைப்பூச்சியை விட்டுவிட்டுப் போயிருந்தது. வெளியே தெரிந்தால் ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று மாதம்மாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். மெத்தைக்கு அடியில் போடச் சருகு வேண்டும் என்று வேப்பிலையை ஒடித்து ஒடித்துக் கொடியில் காயப்போட்டாள். தூசிக்கு முந்தானையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டே நடமாடினாள். நிலைப்படியில் செருகினால்தான் அம்மை, கொடியில் போட்டால் வெறும் இலை என்பது அவள் நினைப்பு. தெருவுக்கு அந்த வித்தியாசம் எங்கே தெரியும்? அம்மை கண்ட வீட்டில் போய் யாருக்கு, என்ன என்று எவன் கேட்பான்? முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் போகிறவளிடம்?

பால்காரர் ஏன் ஏறவில்லை, ரேடியோ ஏன் அடங்கியது, பெண்கள் ஏன் ஒதுங்கினார்கள், எல்லாம் ஒரே மூச்சில் விளங்கிவிட்டது அவளுக்கு. இளநீரும் விளங்கியது. உடம்புச் சூடு தணியட்டும் என்று வாங்கி வைத்தவன் கண்ணெதிரே அதைத் துடைப்பத்தால் தள்ளியிருக்கிறாள். வெட்கத்தில் காது அடைத்துக்கொண்டது.

தங்கதுரையும் செருப்பைக் கழற்றிவிட்டார். முகம் வெளுத்திருந்தது. "ஆத்தாடி... யாருக்கும்மா? உனக்கா? சொல்லக் கூடாதா?"

மாதம்மாள் வாயைத் திறந்தாள். அம்மை இல்லை என்றால், அப்போது இந்த இலை எதற்கு? மூட்டைப்பூச்சிக்கு. பூச்சி பிடித்த வீட்டை மறைத்தவள், ஒரு சீசனையே தன் கையால் கெடுத்தவள், ஒன்றும் செய்யாதவனைத் திருடன் என்றவள். பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஆமாம் என்றால், அம்மன் பெயரில் பொய். முந்தானை தோளில் கிடந்தது. வெயில் நேராக முகத்தில் அடித்தது.

முனிராஜ் அந்த முகத்தைப் பார்த்தான். நெற்றி, கன்னம், கழுத்து, ஒரு தழும்பு இல்லை, ஒரு புள்ளி இல்லை. பார்வை அங்கேயே ஒரு கணம் நின்றது. புரிந்துகொண்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. போயிற்று, எல்லாம் போயிற்று. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்காவுக்குதாங்க" என்றான் முனிராஜ். "லேசாதான் வந்துச்சு. எறங்கிடுச்சுங்க, தண்ணி ஊத்தியாச்சு. நாளையிலேர்ந்து ஆள வுடலாங்க. சூட்டுல ஏதோ பேசிட்டாங்க, மனசுல வெச்சுக்காதீங்க."

தங்கதுரை பால்கனியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மா வந்திருக்கிற எடத்துல நான் பாட்டுக்கு உன்னய வெரட்டுவேன்னு பேசிட்டனே! கம்பெனிக்காரங்களுக்கு வேற வீடு பாக்கச் சொல்லிருதேன். நீ இங்கனயே இரு தாயி." மேலே ஏறிப் பார்க்கக்கூட அவருக்குத் துணிவில்லை. கார் போய்விட்டது. தெருவும் கலைந்தது.

மாதம்மாள் பூத்து வாசலில் வந்து நின்றாள். முனிராஜ் கண்ணாடிக் கூண்டைத் துடைத்துக்கொண்டிருந்தான், திரும்பவில்லை.

"மூட்டப்பூச்சிப்பா" என்றாள்.

"தெரிஞ்சுதுக்கா."

"அப்பறம் எதுக்குப்பா சாமி பேர்ல பொய் சொன்ன? நான் உன்னத் திருடன்னு சொன்னனே."

அவன் துணியை மடித்து வைத்தான். "வேற எங்கக்கா போவீங்க? அதான்."

இத்தனை நாளும் தன்னை இங்கிருந்து கிளப்பத்தான் அவன் திட்டம் போடுகிறான் என்று அவள் ராத்திரி தூங்காமல் கிடந்தாள். அவள் போக்கிடத்தைப் பற்றி இந்தத் தெருவில் நினைத்துப் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். மாதம்மாள் முந்தானையை எடுத்து மறுபடியும் முகத்தை மூடிக்கொண்டாள், அழுவதை அவன் பார்க்கக் கூடாது என்று. அவன் ஸ்டூலை நகர்த்திப் போட்டு, உட்காரச் சொன்னான்.