இருவர் பேரில் ஒரு கணக்கு

எங்கள் அப்பாவுக்குக் கடல்மேல் இருந்த நம்பிக்கையில் கால்வாசிகூடக் கரையில் இருந்த மனிதர்கள்மேல் கிடையாது. ஐஸ் விற்பவன் எடையில் ஏய்க்கிறான் என்பார். மீனை ஏலம் விடுபவன் வியாபாரிக்குக் கண்ஜாடை காட்டுகிறான் என்பார். பள்ளிக்கூடம் என்று சொல்லிவிட்டு நான் உண்மையிலேயே அங்கேதான் போகிறேனா என்பதில்கூட அவருக்குச் சந்தேகம் உண்டு. அப்படிப்பட்ட மனிதரை அம்மா பேங்க் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனாள் என்றால் அவள் சாமர்த்தியசாலிதான்.

சதுரங்கப்பட்டினத்தை ஒட்டியது எங்கள் குப்பம். அம்மா பக்கத்து அணுமின் நிலைய டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வீடு வீடாக மீன் விற்றாள். சொந்தமாக ஒரு வலை வாங்கச் சீட்டுக் கட்டினாள். சீட்டுப் பிடித்தவள் அச்சரப்பாக்கத்துக்குக் கல்யாணத்துக்குப் போகிறேன் என்று போனவள்தான், திரும்பவில்லை. இனிமேல் பேங்க்தான் என்று அம்மா முடிவு செய்தாள். கணக்கில் தன் பேரும் இருந்தாக வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்ததால், இருவர் பேரிலும் கணக்குத் திறந்தார்கள்.

பாஸ்புக் வீட்டுக்கு வந்ததும் அதை என்னிடம் நீட்டினார்கள். ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான்தான் எங்கள் வீட்டின் இங்கிலீஷ் பண்டிதர். சேவிங்ஸ் என்றால் சேமிப்பு, வித்டிராயல் என்றால் எடுத்தது, பேலன்ஸ் என்றால் மிச்சம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"இன்னிக்குப் போட்டத நாளைக்கே கேட்டாலும் குடுப்பானா?" என்றார் அப்பா.

எப்போது கேட்டாலும் தருவார்கள் என்றேன்.

"அப்ப அவனுக்கு இன்னா லாபம்? சும்மா எவனாவது காவல் காப்பானா?"

எனக்குத் தெரியவில்லை. முதல் பக்கத்தின் கீழே 'ஈதர் ஆர் சர்வைவர்' என்று ஒன்று இருந்தது. அகராதியைப் புரட்டிப் பார்த்து, வகுப்பில் படிப்பதுபோல் உரக்கச் சொன்னேன்: "இருவரில் ஒருவர், அல்லது மற்றவர் இறந்தபின் உயிரோடு இருப்பவர்."

எங்கள் தெருவில் கடலுக்குக் கிளம்பும் ஆம்பளையிடம் எப்போது வருவாய் என்றுகூட யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் விளங்காது. அப்படிப்பட்ட இடத்தில் சாவை அச்சடித்துக் கையில் கொடுத்திருந்தார்கள்.

"எனக்கு நாள் குறிச்சிகினு வந்துகீறியா மே?" என்றார் அப்பா.

"உனக்கு மட்டுமா எழுதிகீது? நான் பூட்டா நீதான எடுத்துக்கப் போற. நான் எதுனா கேட்டனா?"

"நீயா கடலுக்குப் போற? நான்தான் போறேன்."

அதன்பின் சில நாள் அப்பா, குழம்பை எனக்கு முதலில் ஊற்றச் சொல்லி, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் தன் தட்டில் கை வைப்பார். என்மேல் திடீரென்று இவ்வளவு பாசமா என்று நான் பூரித்துப்போனேன்.

கடைசியில் எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு பேங்குக்குப் போனார். அங்கிருந்த ஆபீசர் பொறுமைசாலி. வேண்டுமென்றால் 'ஜாயிண்ட்லி' என்று மாற்றலாம், ஆனால் பணம் எடுக்க ஒவ்வொரு முறையும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். "இதுல சாவு கீவு எதுவும் இல்லியே சார்?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டு அப்பா கையெழுத்துப் போட்டார். அம்மாவும் போட்டாள்.

ஐப்பசியில் ஒருநாள் விடியற்காலையில் கடலுக்குப் போன அப்பாவின் போட்டு மறுநாள் காலைவரை திரும்பவில்லை. தேடிப் போக ஆள்கள் தயாராக இருந்தார்கள், டீசல்தான் இல்லை. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பேங்குக்கு ஓடினாள். கதவு திறக்கும்வரை வாசலிலேயே நின்றோம்.

ஆபீசர் பாஸ்புக்கைப் பார்த்தார். "அவர் கையெழுத்தும் வேணுமேம்மா. அவர் எங்கே?"

"கடல்ல சார். அவரத் தேடத்தான் சார் டப்பு."

அவர் மேனேஜர் அறைக்குப் போய்விட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். தன் சட்டைப் பையிலிருந்து அவர் எடுத்து நீட்டிய பணத்தை அம்மா வாங்கவில்லை. நேராக அடகுக்கடைக்குப் போய்க் கம்மலைக் கழற்றி வைத்தாள். டீசல் வாங்கிக் கொடுத்த பிறகுதான் கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். எனக்குப் பயத்தில் அழுகைகூட வரவில்லை.

சாயங்காலம், எஞ்சின் பழுதாகி மாமல்லபுரத்துக்கு நேரே மிதந்துகொண்டிருந்த போட்டைக் கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். உதடெல்லாம் வெடித்து, ஆனால் முழுசாக, அப்பா இறங்கினார். அம்மாவின் வெறும் காதைப் பார்த்தார். கம்மல் எங்கே என்று கேட்டார், கேட்டுத் தெரிந்துகொண்டதும் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் அவரே எங்களைப் பேங்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். "பழைய மாதிரியே போட்டுடு சார். அந்த வார்த்தையே இருக்கட்டும்," என்று சொல்லி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுப் பேனாவை அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

"வேணாம் சார். இப்ப இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

"போன வாரம் பட்டது போதாதாம்மா?" என்றார் ஆபீசர்.

"இவரு பக்கத்துல வந்து நின்னாத்தான் நான் எடுப்பேன் சார். இல்லன்னா எனக்கு வேணாம்."

ஆபீசர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். தனியாக எடுக்க விட்டால் அப்பா எல்லாவற்றையும் சாராயக் கடையில் கொட்டிவிடுவார் என்று அம்மா சந்தேகப்படுகிறாள், அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றியது. அவர் குடித்து நான் பார்த்ததே இல்லை என்றாலும் அப்படித்தான் தோன்றியது. இந்த வீட்டில் ஒரு சந்தேகப் பிராணி போதாதா என்று எரிச்சலாகவும் இருந்தது.

இந்த அவமானத்துக்கு அப்பா அங்கேயே ஆடித் தீர்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பேனாவை மூடி ஆபீசரிடம் கொடுத்தார். எப்போதும் பத்தடி முன்னால் நடப்பவர், குப்பம் வரைக்கும் அம்மாவுக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார். தன்னை நம்பாத பெண்டாட்டியிடம் இந்த மனிதர் ஏன் கோபப்படவில்லை என்று, பின்னால் வந்துகொண்டிருந்த எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை.