மாவடிப்பள்ளியில் கேட்ட பொருத்தம்

சிறுபோக அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாகக் கிடந்த ஓர் ஓகஸ்ட் மாதம். நான் பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அம்பாறை நகரத்து வைத்தியசாலை ஒன்றில் தொடங்கி, வீடு திரும்பும் வழியில் மாவடிப்பள்ளியில் முடிந்த ஒரு பகற்பொழுதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கரையோர ஊர்களில் பேசுவது தமிழ். பெரிய வருத்தங்களுக்கு மருந்தெடுக்கப் போகும் நகரத்தில் பேசுவது பெரும்பாலும் சிங்களம். வைத்தியர் சொன்னது விளங்காமல், மருந்துத் துண்டை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வருகிறவர்களை நாங்கள் எல்லோருமே எங்கள் வீடுகளில் பார்த்திருக்கிறோம். அதனால் மாணவர்கள் சிலர் சேர்ந்து, கிளினிக் நாட்களில் நோயாளர்களுக்கு மொழிபெயர்த்து உதவும் ஒரு திட்டத்தைத் தொடங்கினோம். மக்களுக்கும் உதவி, எங்கள் சிங்களமும் பேச்சும் திருந்தும் என்பது எண்ணம். பெண் நோயாளர்களுக்குப் பெண்களே போவது என்று முடிவாகியது. சொல்வதைக் கூட்டாமல், குறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது நாங்களே வகுத்துக்கொண்ட விதி.

தொடக்கத்தில் நான் நன்றாகவே தடுமாறினேன். வலது கால் வலிக்கிறது என்றவருக்கு இடது காலைப் பரிசோதிக்க வைத்த பெருமையும் எனக்குண்டு. "வைத்தியம் பாக்க வந்த எனக்கு மற்றக் காலும் நோகப் பாக்குது புள்ள" என்று அந்தப் பெண் சொல்ல, வைத்தியரும் சேர்ந்து சிரித்தார். நாளாக நாளாகத் தடுமாற்றம் குறைந்தது. நான் தேர்ந்துவிட்டதாகவே நம்பத் தொடங்கியிருந்தேன்.

அன்று வந்தவர் சாய்ந்தமருதைச் சேர்ந்த, ஐம்பதைக் கடந்த ஒரு தாய். எங்கள் தெருவுக்குப் பக்கத்து ஒழுங்கைக்காரர் என்பதால் நான் மாமி என்றே அழைத்தேன். கூட அவருடைய மகள் வந்திருந்தார். உள்ளே போவதற்கு முன் மகள் என்னைத் தனியே இழுத்து, "டொக்டர் என்ன சொன்னாலும் கெட்டத உம்மாக்கு முன்னால சொல்லிராதீங்க. முதல்ல எனக்குச் சொல்லுங்க. உம்மா தாங்கமாட்டா" என்றார். கெஞ்சுகிறவரின் முகத்தைப் பார்த்து விதியைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. தலையாட்டினேன்.

வைத்தியர் நல்ல மனிதர். அறிக்கைகளைப் பார்த்துவிட்டு, நாற்காலியை மாமிக்கு அருகே இழுத்துப் போட்டு, நிதானமாக நீண்ட நேரம் பேசினார். நோய் ஈரல் வரை பரவிவிட்டது. அறுவைச் சிகிச்சையால் இனிப் பயனில்லை. வலி தெரியாமல் வைத்திருக்க மருந்து தருகிறேன். வீட்டுக்குக் கொண்டுபோய் விரும்பியதைக் கொடுங்கள். பார்க்க விரும்புகிறவர்கள் வந்து பார்க்கட்டும். அவர் சொல்லி முடித்ததும் மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"வயித்துல புண்ணாம் மாமி. மருந்து தாறாராம். வீட்டுல ஓய்வா இருக்கட்டாம்" என்றேன்.

வெளியே வந்ததும் மருந்து எடுக்கும் வரிசைக்குப் போகும் வழியில் மகளிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அழவில்லை. முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார். நான் மாமிக்கருகில் மர வாங்கில் வந்து அமர்ந்தேன்.

"புள்ள, டொக்டர் அவ்வளவு நேரம் கதைச்சாரு. நீங்க மூண்டு சொல்லுல முடிச்சிட்டீங்களே?"

"சிங்களத்துல அப்படித்தான் மாமி, நீட்டி நீட்டிச் சொல்லுவாங்க."

"ம்ம். நீட்டிச் சொல்லக்குள்ள என்ட கையையும் புடிச்சிக்கிட்டுத்தான் சொல்லுவாங்களாக்கும்." அவர் என்னைக் கூர்ந்து பார்த்துச் சிரித்தார். "இவ்வளவு படிச்ச புள்ள, ஒரு பொய்ய ஒழுங்காச் சொல்லத் தெரியல்ல. சரி, விடுங்க. சுகமாகுமா, ஆகாதா? அத மட்டும் சொல்லுங்க."

என் கண்கள் நிறைந்துவிட்டன. அதுவே பதிலாகிவிட்டது.

"விளங்கிட்டு" என்றார். சற்று நேரம் மருந்து வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியும் எண்டு மகளுக்குத் தெரியப்படா. எனக்கு ஒண்டும் தெரியாது எண்டு நெனச்சித்தான் அவ நிக்கிறா. அந்த ஆறுதல் அவக்கு இருக்கட்டும். நீங்க சொல்லமாட்டன் எண்டு சொல்லுங்க."

சொன்னேன். இப்படியாக, ஒரே காலைப்பொழுதில் தாயிடம் மறைப்பதாக மகளுக்கும், மகளிடம் மறைப்பதாகத் தாய்க்கும் வாக்களித்தவளானேன்.

திரும்பும்போது அவர்களுடைய ஓட்டோவிலேயே என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். மாவடிப்பள்ளி நெருங்கியதும் மாமி ஓட்டோக்காரரிடம், "தம்பிட வீட்டடியில ஒருக்கா நிப்பாட்டுங்க" என்றார்.

மகள் திடுக்கிட்டார். "என்னத்துக்கும்மா? நம்மட வாசல மிதிக்கமாட்டன் எண்டு சொன்னவரு அவரு."

"அவன் மிதிக்காட்டி நான் மிதிக்கிறன்."

மகள் இறங்க மறுத்துவிட்டார். மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். விடயம் என்னவென்று அந்தக் குறுகிய பாதையிலேயே சொன்னார். தம்பியின் மகளைத் தன் மகனுக்கு என்று இரு வீட்டாரும் சிறு வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். எங்கள் பகுதி வழக்கப்படி பெண்ணுக்காகத் தம்பி வீடு கட்டத் தொடங்கி, கூரையும் போட்டாயிற்று. கட்டாருக்குப் போன மகன் அங்கிருந்தபடியே வேறு பெண்ணைப் பார்த்து மணம் முடித்துவிட்டான். தம்பி அதன் பின் அக்காவின் முகத்தில் விழிக்கவில்லை. "நான் அவன்ட புள்ளையக் கேட்டுட்டு, என்ட புள்ளைய அடக்கத் தெரியாமப் போனன்" என்றார் மாமி.

அந்த வீடு அங்கே நின்றது. பூசாத சுவர்கள், கதவில்லாத வாசல், உள்ளே நெல்மூட்டைகள். அதற்கு முன்னால் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருந்தது. சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவர் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டும் நிற்கவில்லை. அவருடைய மனைவிதான் ஓடிவந்து கதிரை போட்டார். பக்கத்தில் அவர்கள் குடியிருந்த பழைய வீட்டுக்குள் ஒரு பெண் கதவை மெல்லச் சாத்துவது தெரிந்தது.

மாமி அமரவில்லை. "தம்பி, உன்ட மனசு நோக நடந்துட்டு. அல்லாக்காக எனக்குப் பொருந்திக்க."

எங்கள் ஊர்களில் மக்காவுக்கு ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ புறப்படுகிறவர்கள், திரும்பி வருவது நிச்சயமில்லை என்பதால், பயணத்துக்கு முன் உறவினர் வீடுகளுக்குப் போய், செய்த பிழைகளை மன்னிக்கும்படி இப்படித்தான் பொருத்தம் கேட்பார்கள். மாமியோ வைத்தியசாலைக்காக உடுத்த நல்ல உடுப்போடு நிற்கிறார். மகன் கட்டாரில் உழைக்கிறான். பாதை முனையில் ஓட்டோ காத்து நிற்கிறது. தம்பி என்ன நினைத்தார் என்பது அவர் வாயைத் திறந்ததும் விளங்கியது.

"உம்ராவா? மகன் அனுப்புறானாக்கும்."

"அல்ஹம்துலில்லாஹ்! மதினி, எங்களுக்கும் துஆக் கேளுங்க. ஸம்ஸம் தண்ணி ஒரு போத்தல் கொண்டுவாங்க" என்று மனைவி மாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையான மகிழ்ச்சியோடுதான் சொன்னார்.

தம்பி நெல்லைத் துழாவிக்கொண்டே, "மக்காக்குப் போற நேரந்தான் தம்பி ஒருத்தன் இரிக்கான் எண்டு ஞாபகம் வருது" என்றார். பிறகு, "சரி, போய்ட்டு வாங்க ராத்தா. வந்த பொறகு கதைப்பம்" என்றார்.

நான் மாமியைப் பார்த்தேன். உம்ரா இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் நெல்லையும், அந்தப் பூசாத வீட்டையும், தம்பியின் முகத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு, "அப்ப வாறன்" என்று திரும்பினார்.

பாதையில் நான் தாங்க முடியாமல் கேட்டேன். "மாமி, நான் போய் அவருக்குச் சொல்லட்டா?"

"என்ன, என்ட மவுத்தக் காட்டி அவனுட்டப் பொருத்தம் வாங்கவா?" அவர் குரலில் முதல் தடவையாகக் கோபம் தெரிந்தது. "வேணா புள்ள. சாகப்போறவக்கு ஆருதான் இல்லெண்டு சொல்லுவாங்க? அவன் மனசு வந்து தரணும்." மூச்சு வாங்க நின்றார். "தருவான். சின்னதுல இருந்தே அவன் கோவிச்சா ரெண்டு பெருநாளைக்குக் கதைக்கமாட்டான், மறுகா அவனே வருவான்."

அந்த இரண்டு பெருநாட்களுக்கும் அவரிடம் காலம் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஓட்டோவில் ஏறியதும் மகள் கேட்டார்: "என்னம்மா சொன்னாரு?" "நல்லாத்தான் கதைச்சான்" என்றார் மாமி.

வயிற்றுப் புண் என்றே மகள் உறவினர்களுக்கும் சொல்லி வைத்திருந்தார். பின்வந்த வாரங்களில் பல தடவை மாவடிப்பள்ளி வழியாகப் பஸ்ஸில் போனேன். ஒவ்வொரு முறையும் இறங்கிச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால் ஒரு பெண் தன் மானத்தோடு எடுத்த முடிவை மீறியவளாவேன். சொல்லாவிட்டால் ஒரு மனிதர் தெரியாமலே ஏதோ ஒன்றை இழப்பார். எந்தப் பக்கம் நிறுத்துப் பார்த்தாலும் தராசு நேராக நிற்கவில்லை. பஸ் அந்த ஊரைக் கடந்துவிடும்.

மாரி மழை தொடங்கிய நாட்களில் ஒரு காலை, பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மாமி இறந்துவிட்டதாக ஜனாஸா அறிவித்தலைக் கேட்டேன்.

நான் போனபோது வீடு நிறைந்திருந்தது. தம்பி ஏற்கெனவே வந்திருந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் யாரோடும் பேசவில்லை என்றார்கள். அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பியபோது, மழையில் நனைந்த சட்டையுடன் கேற்றடியில் நின்றவர் என்னை அடையாளம் கண்டு அருகே வந்தார்.

"அண்டைக்கு ராத்தாவோட வந்த புள்ளதானே?"

"ஓம்."

"அவ உம்ராவுக்குப் போகல்லயாம். அண்டைக்கு ஆஸ்பத்திரியில இருந்துதான் வந்தீங்களாம். அப்பவே அவக்குத் தெரியுமா?"

உள்ளே மகள் இருந்தார். ஆனாலும் இனி யாருக்காக மறைப்பது? "ஓம்" என்றேன். "நான் சொல்லட்டா எண்டு கேட்டன். வேணா எண்டுட்டா."

"நான் அண்டைக்கே பொருந்திட்டன் புள்ள. அவ வந்து என்ட வளவுக்க நிண்டாவே, அப்பவே பொருந்திட்டன். வந்த பொறகு சொல்லுவம், கொஞ்சம் கிடந்து துடிக்கட்டும் எண்டுதான்..." மழைநீரோடு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஜனாஸாத் தொழுகையில, மையித்தோட ஆருக்கும் மனத்தாங்கல் இருந்தாப் பொருந்திக்கங்க எண்டு கேட்டாங்க. நான் பொருந்திட்டன் எண்டு சத்தமாச் சொன்னன். பள்ளியில இருந்த எல்லாருக்கும் கேட்டிரிக்கும்."

இப்போது அந்தத் திட்டத்தை எனக்குப் பின்வந்த மாணவர்கள் நடத்துகிறார்கள். அவர்களுக்குச் சில வார்த்தைகள் பேசும்படி என்னை அழைப்பதுண்டு. மொழி தெரியாதவர்களுக்கிடையே எப்படி நிற்பது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க என்னால் முடிகிறது. ஒரே மொழி பேசிய அந்த அக்காவுக்கும் தம்பிக்கும் இடையே நின்று நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.