ஆர்குட்டில் பேசிய அக்கா

போன வாரம் எங்கள் ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாக்குவாதம் வந்தது. நாங்கள் காலேஜ் படித்து, வேலைக்கு வந்து, கல்யாணம் செய்துகொண்ட அந்தப் பத்து வருடங்களை எந்தத் தளத்தின் பெயரைச் சொல்லி அடையாளம் காட்டலாம் என்று யாரோ ஆரம்பித்துவிட்டார்கள்.

"பேஸ்புக்தாங்க. வேற பேச்சே இல்ல" என்றார் என் எதிர் மேசைக்காரர்.

"வாட்ஸ்அப் குரூப் இல்லாத குடும்பம் ஒண்ணு காட்டுங்க சார்" என்றாள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்.

நான் ஆர்குட் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பேஸ்புக்குக்கு முன்னால் எல்லோரும் இருந்த அந்தத் தளத்தின் பெயரையே அந்தப் பெண் கேள்விப்பட்டதில்லை. காரணம் சொல்லச் சொன்னார்கள். அரை மணி நேரச் சாப்பாட்டு வேளையில் சொல்லி முடிகிற காரணம் இல்லை என்பதால் டப்பாவைக் கழுவ எழுந்துவிட்டேன்.

என் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. என்னைவிட மூன்று வயது பெரியவள். திருச்சிப் பக்கம் காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்றில் பத்து வருடம் படித்தாள். அங்கே எல்லோரும் கையால் பேசுவார்கள். லீவுக்கு வரும்போதெல்லாம் அவள் எனக்குச் சொல்லித் தருவாள். வீட்டில் அவளோடு ஒழுங்காகப் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அம்மாவுக்கு சாப்பாடு, தண்ணி, தூக்கம் என்று பத்துப் பதினைந்து சைகை தெரியும். அப்பாவுக்கு அதுவும் தெரியாது. அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட்டு, "அக்காகிட்ட சொல்லு" என்பார்.

படிப்பு முடிந்து அவள் ஊருக்குத் திரும்பி வந்தபோது பத்து வருடச் சிநேகிதம் முழுவதும் அங்கேயே நின்றுபோயிற்று. ஒருத்தி பாடாலூர், ஒருவன் உடையார்பாளையம், ஒருத்தி அரியலூர் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். எல்லோர் வீட்டுக்கும் அப்போது போன் வந்துவிட்டது. போனை வைத்து அவர்கள் என்ன செய்வது? கடிதம் எழுதலாம் என்றால் சரியான முகவரி யாரிடமும் இல்லை. அக்காவும் அவள் வகுப்பில் மற்ற பத்து பேரும் ஒன்றிரண்டு மணி நேர பஸ் தூரத்தில் இருந்துகொண்டு ஒருவரை ஒருவர் தொலைத்திருந்தார்கள்.

எங்கள் ஊர் குன்னம் பக்கம். அப்பா மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுவார். நான் பெரம்பலூரில் காலேஜ் சேர்ந்தேன், அக்காவுக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை கிடைத்தது. இருவரும் ஒரே டவுன் பஸ்ஸில் போய் வருவோம். காலேஜில் எல்லோரும் ஆர்குட் ஆர்குட் என்று சொல்லிக்கொண்டு திரிந்த நேரம் அது. ஒரு சனிக்கிழமை அவளை ஒரு பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போய், பிளைவுட் தடுப்புக்குள் இருவரும் ஒரே நாற்காலியில் ஒட்டி உட்கார்ந்து, அவள் பெயரில் ஒரு கணக்கு ஆரம்பித்தோம்.

வேலை சுலபமாக இல்லை. அப்போது நாங்களெல்லாம் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவோம். சாப்பிட்டியா என்பதை அப்படி எழுத எனக்கு யோசனையே தேவையில்லை. காதில் எப்படி விழுகிறதோ அப்படித் தட்டிவிடுவேன். அக்காவின் காதில் எதுவும் விழுந்ததில்லை. 'ழ' வுக்கு எந்த எழுத்து, 'ஞ' வுக்கு எந்த எழுத்து என்பதெல்லாம் அவளுக்கு வெறும் மனப்பாடம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினாள். இடது பக்கம் தமிழ் வார்த்தை, வலது பக்கம் அதன் ஆங்கில எழுத்து. ஜெராக்ஸ் மெஷின் ஓடும்போதெல்லாம் அதை உருப்போட்டாள். இரண்டு மாதத்தில் நோட்டு நிரம்பிவிட்டது. நான் பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் எதையும் அவ்வளவு அக்கறையாகப் படித்ததில்லை.

ஆனால் ஆட்கள் கிடைக்கவில்லை. தோழிகளின் பெயரைப் போட்டுத் தேடினால் அதே பெயரில் நூறு பேர் வந்தார்கள். பாதிப் பேர் முகப்படத்தில் ரோஜாப்பூ வைத்திருந்தார்கள். நானாக இருந்தால் விட்டிருப்பேன். அக்கா ஒருநாள் வெப்கேமரா முன்னால் உட்கார்ந்து, தன் இரு சுண்டு விரல்களையும் கொக்கிபோல் மாட்டி நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொண்டு, கைகளை மட்டும் படம் எடுக்கச் சொன்னாள்.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"விடுதியில இதுக்கு நம்ம வகுப்புன்னு அர்த்தம். வேற யாருக்கும் தெரியாது" என்று கையால் சொன்னாள்.

முகத்தை எடுத்துவிட்டு அந்தக் கைகளை முகப்படமாக வைத்தாள். பெரம்பலூர், அரியலூர், திருச்சி என்று ஊர் பெயரில் இருந்த கம்யூனிட்டி எல்லாவற்றிலும் சேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஒரு வணக்கம் போட்டாள். மூன்று வாரம் கழித்து அவள் பக்கத்தில் மற்றவர்கள் செய்தி எழுதும் ஸ்கிராப்புக்கில் ஒரு வரி வந்து கிடந்தது. "கன்னம் மச்சம் நீயா?"

கையால் பேசுகிறவர்கள் ஒருவரை ஒருவர் எழுத்துப் பெயரால் கூப்பிடுவதில்லை. ஆளுக்கொரு சைகைப் பெயர் உண்டு. கன்னத்தில் மச்சம் இருக்கும் இடத்தை விரலால் தொட்டால் அது என் அக்கா. திரையைப் பார்த்ததும் அக்கா வாய்விட்டுக் கத்தினாள். அவளுக்குக் குரல் உண்டு, அது எவ்வளவு சத்தமாக வருகிறது என்பதுதான் தெரியாது. தடுப்புகளுக்கு மேலே எல்லாத் தலைகளும் எழும்பிப் பார்த்தன. பொது இடத்தில் அவள் சத்தம் போட்டால் அதுவரை நான் கூசிப்போவேன். அன்றைக்கு எனக்கும் கத்தலாம்போல இருந்தது.

அரியலூர்க்காரி கிடைத்தாள், அவள் மூலம் பாடாலூர்க்காரி, அப்புறம் உடையார்பாளையத்துக்காரன், இப்படியே மற்றவர்களும். ஸ்கிராப்புகள் வந்து குவிந்தன. இங்கே நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். அக்கா எழுதும் தமிழ் வேறு மாதிரி இருக்கும். "நேற்று நான் கடை போனேன் மழை கடை பூட்டு வீடு" என்று எழுதுவாள். கையால் பேசுகிற வரிசை அது. நான் அதையெல்லாம் திருத்தி, வேற்றுமை உருபு சேர்த்து, அழகான வாக்கியமாக ஆக்கி அனுப்பிக்கொண்டிருந்தேன். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் அரியலூர்க்காரியிடமிருந்து வந்தது: "யார் எழுதுவது? நீ இல்லை. நீ வா."

அக்கா அதைப் படித்தாள். பழைய ஸ்கிராப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பிறகு என் கையை எடுத்து விசைப்பலகையிலிருந்து தள்ளி வைத்தாள்.

"தப்பாத்தானே இருந்துச்சு" என்றேன்.

"அது என் பேச்சு" என்றாள். "வூட்ல நீ பேசுற. கடையில நீ பேசுற. இங்கயுமா?"

அன்று பஸ்ஸில் இருவரும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தோம். எனக்குக் கோபம். குன்னம் நெருங்கும்போதுதான் அது கோபம் இல்லை, பொறாமை என்று புரிந்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு வாய் நான்தான். அந்தப் பெருமை எனக்குப் பிடித்திருந்தது. இப்போது நான் இல்லாமலே அவளைப் புரிந்துகொள்ளப் பத்து பேர் இருக்கிறார்கள்.

அதன்பின் அவளே எழுதினாள். நான் பக்கத்துத் தடுப்பில் என் வேலையைப் பார்த்தேன்.

தைப் பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆறு பேர் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் சந்தித்தார்கள். டீக்கடைக்கு முன்னால் வட்டமாக நின்று நாலு மணி நேரம் பேசினார்கள். கைகள் ஓயவே இல்லை. டீ ஆறிப் போனது. பேசவேண்டுமானால் டம்ளரைக் கீழே வைக்க வேண்டுமே. கடைக்காரர் முதலில் முறைத்தார், பிறகு அவர்களுக்காக ஒரு பெஞ்சைக் காலி செய்து கொடுத்தார். அவர்கள் திரும்பிப் போகும்போது, தள்ளி நின்று பார்த்த எனக்கு ஒன்று தெரிந்தது. பஸ் கிளம்பிவிட்டால் நம் பேச்சு முடிந்தது, ஜன்னலுக்கு வெளியே கத்தினாலும் கேட்காது. அவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பஸ் கேட்டைத் தாண்டித் திரும்பும் வரை பின் கண்ணாடி வழியாக உள்ளே இருந்தவளும் வெளியே நின்றவளும் சாவகாசமாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து அக்கா எல்லோரையும்போல பேஸ்புக்குக்கு மாறினாள். பிறகு போனிலேயே தமிழ் எழுத்து வந்தது, நோட்டு தேவையில்லாமல் போயிற்று. பேஸ்புக்கில்தான் ஒருநாள் உடையார்பாளையத்துக்காரன் தன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று அவளைக் கேட்டான். முந்திரிக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தான். நெற்றியில் சுருண்ட முடி, அதைச் சுட்டு விரலால் சுருட்டிக் காட்டினால் அவன் பெயர். அக்கா என்னிடம் சொன்னாள். நான் அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "ஒருத்தருக்காவது காது கேக்க வேணாமா? புள்ள அழுதா யாருடி தூக்குவா?"

நான் அதைக் கையால் அக்காவுக்குச் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் போனை எடுத்து யாருக்கோ எழுதினாள். மறுநாள் காலையில் அப்பாவின் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொண்டுவந்து நீட்டிவிட்டு என்னிடம் கையால் சொன்னாள். "அரியலூர் போகணும். ஒரே ஒரு தடவ வந்து பாக்கட்டும்."

அரியலூர்க்காரிக்கு அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது. அவள் வீட்டுக்காரருக்கும் காது கேட்காது. எட்டு மாதக் குழந்தை தூளியில் தூங்கியது. தூளியிலிருந்து ஒரு நீளமான கயிறு வந்து, அடுப்படியில் நின்ற அவள் கால் கொலுசுக்கு மேலே கட்டியிருந்தது. நாங்கள் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் குழந்தை புரண்டது. அழ வாயைத் திறப்பதற்கு முன்பே கயிறு அசைந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தூக்கிவிட்டாள். அப்பா கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கொடுத்த காபியைக் குடித்தார்.

பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு என் பக்கம் திரும்பினார். "நம்ம வூட்ல புள்ளைங்க கத்திக் கத்தி அழுதாத்தான் ஓங்கம்மா வருவா" என்றார். டிக்கெட் வாங்கிய பிறகு, "அந்தப் பையன் வூட்டுல எப்ப வரச் சொல்லலாம்னு அக்காகிட்ட கேளு" என்றார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கெட்டி மேளம் அவர்கள் இருவருக்கும் கேட்காது என்பதால், மேளக்காரர் பக்கத்தில் நின்ற ஒரு தோழி கையை உயர்த்திக் காட்டினாள், மாப்பிள்ளை தாலி கட்டினார். வகுப்பில் பத்துப் பேரும் வந்திருந்தார்கள்.

ஆர்குட்டை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தபோது அக்கா கர்ப்பமாக இருந்தாள். பழைய ஸ்கிராப்புகளை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள், எடுத்து ஜெராக்ஸ் கடையில் அச்சுப் போட்டுக் கொடுத்தேன். எனக்குத்தான் வருத்தமாக இருந்தது. அவள் காகிதக் கட்டை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு, "ஆளுங்க எல்லாரும் இருக்காங்களே" என்றாள்.

உண்மைதான். அதற்குப்பின் வந்த ஒவ்வொன்றும் அதைவிட வசதியானதுதான். வாட்ஸ்அப்பில் வீடியோ கால் வந்தபோது அவர்களுக்கு எழுத்தே வேண்டாமென்று ஆயிற்று. முகம் பார்த்து, கை வீசி, அவரவர் பேச்சிலேயே பேசுகிறார்கள். ஆனாலும் எந்தத் தளம் என்று கேட்டால் நான் ஆர்குட்டைத்தான் சொல்வேன். எழுத்தும் ஒலியும் எல்லாமே அவர்களுக்கு எதிராக இருந்த ஓர் இடத்தில், ஒரு நோட்டையும் இரண்டு சுண்டு விரல்களையும் வைத்துக்கொண்டு என் அக்கா பத்து பேரைத் தேடிப் பிடித்தாள். அந்தப் பத்து வருடத்தில் எங்கள் பக்கத்தில் யாரும் அதைவிடப் பெரிதாக ஒன்றைச் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

அக்கா மகளுக்குக் காது நன்றாகக் கேட்கும். வாயாலும் பேசுவாள், கையாலும் பேசுவாள். அம்மா போன பிறகு அப்பா ஊரில் தனியாக இருக்கிறார். முதலில் என்னைக் கூப்பிட்டு அக்காவிடம் சொல்லச் சொல்வார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார். ஒருநாள் பேத்தி ஸ்கூலுக்குப் போயிருந்த நேரத்தில் அக்காவே வீடியோ காலில் வந்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் வருகிறாள். ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை அப்பாவுக்குச் சைகையில் சொல்லித் தருகிறாள்.

போன மாதம் நான் ஊருக்குப் போயிருந்தபோது அப்பா அவளோடு பேசிக்கொண்டிருந்தார். ஒரு கையில் போன் இருந்ததால் மறு கையால் மட்டும் அரைகுறையாகக் காட்டினார். அவளுக்குப் புரியவில்லை. அப்பா எழுந்து போய் போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்தார். வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு எதிரே நின்று, இரண்டு கைகளையும் தூக்கி, இந்த வருடம் வெங்காயம் நன்றாக வந்திருக்கிறது என்று சொன்னார். ஒரு சைகை மட்டும் தப்பு. அக்கா அங்கிருந்து அதைத் திருத்திக் காட்டினாள். அப்பா மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.