அம்மாவின் போனுக்கு வந்த இலக்கங்கள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஒரு நீண்ட வார இறுதியில் கல்லூரியின் சர்வர் அறையில் ஏசி பழுதானது. சர்வர்கள் சூடேறி நின்றுவிட்டன. பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாக வேண்டிய நேரம் அது.
2. எல்லாவற்றையும் கிளவுட்டுக்கு மாற்றலாமா என்று ஓர் அறிக்கை எழுதித் தரும்படி துறைத்தலைவர் என்னிடம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.
3. நிர்வாகச் சபை ஒப்புக்கொண்டது.
4. அன்று பகலே அம்மாவிடம் போனில் சொன்னேன், வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று.
5. அம்மா ஒரு மேசை வாங்கினார்.
6. மாற்றும் வேலை தொடங்கிய நாளில், உள்ளே நுழைவதற்கான இலக்கம் கொழுந்து மலைக்குப் போய்விட்டது.
7. மாற்றம் முடிந்தது. சர்வர் அறை காலியானது.
8. மடிக்கணினியோடு நான் வீட்டுக்குப் போனேன்.

இவற்றில் ஐந்தாவதைத்தான் நான் அடிக்கடி நினைக்கிறேன்.

கல்லூரி எம்பிலிப்பிட்டியவில் இருக்கிறது. வீடு புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் ஒன்றில். இரத்தினபுரிக்கு ஒரு பஸ், அவிசாவளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று, பிறகு த்ரீவீல். ஒரு முழுப் பகல் போய்விடும். அப்பா இல்லை. அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். அம்மா தனியாக இருக்கிறார், இன்னும் கொழுந்து எடுக்க மலைக்குப் போகிறார்.

கல்லூரியின் கணினிப் பிரிவில் நான் சேர்ந்தபோது, சர்வர் அறையைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பானது. மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். மற்ற எல்லோருக்கும் குடும்பம் இருந்தது. நான் கல்லூரி வாசலுக்கு எதிரே ஒரு போர்டிங்கில் இருந்தேன். ஆகவே தீபாவளிக்கும் நான்தான், கோயில் திருவிழாவுக்கும் நான்தான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கேட்பார்கள், நான் சரி என்பேன்.

அந்த அறையை நான் வெறுத்தேன் என்று சொல்ல முடியாது. எம்பிலிப்பிட்டிய வெயிலில் ஸ்வெட்டர் வைத்திருந்த ஒரே ஆள் நான். வெளியே தார் ரோடு கொதிக்கும். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் விரல் நுனி சில்லிடும். சர்வர்களின் விசிறிகள் ஒன்றாக இரைவது லயத்தின் தகரக் கூரையில் மழை பெய்வதுபோலவே கேட்கும். மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக் காலைகள் அப்படித்தான் இருக்கும். வேலை முடிந்த பிறகும் சில நாட்கள் அங்கே சும்மா உட்கார்ந்திருப்பேன்.

அறிக்கையில் மின்சாரம், பாதுகாப்பான பிரதிகள், பெறுபேற்று நாளின் நெரிசல், பழைய இயந்திரங்களின் வயது என்று காரணங்களை வரிசைப்படுத்தினேன். எல்லாம் உண்மைதான். பக்கத்தில் நிற்க ஆள் தேவைப்படாது என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியை எழுதும்போது என் மனதில் இருந்தது கல்லூரி அல்ல.

அம்மாவிடம் சொன்னபோது அவர் முதலில் சர்வர் பெட்டிகளைப் பற்றித்தான் விசாரித்தார்.

"அப்ப அந்தப் பெட்டிங்க?"

"இங்க இருக்காதும்மா. வேற நாட்டுல பெரிய கட்டடத்துல இருக்கும். நாங்க எங்கருந்து வேணும்னாலும் வேல செய்யலாம்."

"அங்க அத யாரு பாத்துக்குவா?"

"அங்க ஆளுங்க இருப்பாங்க."

"பாவம். அப்ப தீவாளிக்கு அந்தப் புள்ளைங்க வீட்டுக்குப் போவாதா?"

"ஷிப்ட் போட்டு வேல செய்வாங்கம்மா."

"நல்லாருக்கு. ஒனக்கு ஷிப்ட் போடத்தான் ஒருத்தரும் இல்ல."

அடுத்த முறை பேசும்போது மேசை வந்துவிட்டிருந்தது. புளத்கொகுபிட்டிய டவுனில் வாங்கி, கடைச் சாமான் ஏற்றிவந்த லொறியில் போட்டுக் கொண்டுவந்தாராம். "ஜன்னலுக்கு நேரா போட்டிருக்கேன். பக்கத்துல பிளக்கும் வச்சாச்சு. அதுல ஒரு சாமானும் வைக்கல புள்ள. பக்கத்து வீட்டுக்காரி தேங்கா வைக்க வந்தா, எடுடின்னுட்டேன்."

ஜன்னலுக்கு நேராக என்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் லயத்தில் சிக்னல் இல்லை. அந்த ஜன்னலில் மட்டும் போனைத் தூக்கிப் பிடித்தால் ஒரு கோடு தெரியும். சரியாகப் பேச வேண்டுமென்றால் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகைக்கு மேலே இருக்கும் பாறைக்குப் போக வேண்டும். முன்பு டவுனில் போன் பேசுவதற்கென்று கொமினிகேசன் கடைகள் இருந்தன. அவை மூடப்பட்ட பிறகு தோட்டத்தில் அந்தப் பெயர் பாறைக்கு வந்துவிட்டது. "கொமினிகேசனுக்குப் போயிட்டு வர்றேன்" என்றால் பாறையேறி வருகிறேன் என்று அர்த்தம். பகல் சாப்பாட்டு நேரத்தில் அம்மா அங்கே வருவார். அந்த நேரத்தில் நான் கூப்பிடுவேன். நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து வழக்கம் அதுதான்.

மாற்றும் வேலை தொடங்கிய நாளன்று துறைத்தலைவர் என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் சிங்களவர், என்னை நங்கி, அதாவது தங்கை, என்று கூப்பிடுவார். நாங்கள் பேசுவது சிங்களத்தில். கிளவுட் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் திரையில் காத்திருந்தார். நான் கடவுச்சொல்லை அடித்தேன். உங்கள் போனுக்கு ஓர் இலக்கம் அனுப்பியிருக்கிறோம் என்றது திரை. என் போன் மேசையில் கிடந்தது. ஒன்றும் வரவில்லை. மறுபடி அனுப்பச் சொன்னேன். வரவில்லை. பிறகு, திரையில் தெரிந்த போன் நம்பரின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்த்தேன். அவை என்னுடையவை அல்ல.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு போன் நம்பர் என்றால் வீட்டு நம்பர். ஒரு வீட்டுக்கு ஒரு போன்தான் இருந்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பரீட்சை, எங்கே கேட்டாலும் அதைத்தான் கொடுப்போம். யாராவது ஒருவர் எடுப்பார்கள், சேதி வந்து சேரும். எனக்கென்று போன் வந்து வெகுகாலமான பிறகும், நம்பர் என்று கேட்டால் கை தானாக அதைத்தான் எழுதுகிறது. கிளவுட் கணக்கைத் திறந்த அன்றும் அதையே எழுதியிருக்கிறது.

"யாருடைய போன் அது?" என்றார் துறைத்தலைவர்.

"அம்மாவோடது சேர்."

"அப்ப கூப்பிடுங்களேன்."

"அம்மா மலையில சேர். கொழுந்து எடுக்குறாங்க. பகல் சாப்பாட்டுக்குத்தான் சிக்னல் இருக்கிற இடத்துக்கு வருவாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரையில் இருந்தவரைப் பார்த்தார். "சரி. அப்ப நாமளும் சாப்பிட்டுட்டு வருவோம்."

பகல் அம்மாவே கூப்பிட்டார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"புள்ள, என்னாமோ நம்பரா வந்து கெடக்கு. ரீலோட் காசு எதுவும் போட்டியா?"

"இல்லம்மா. அது எனக்கு வந்தது. அது பழசாயிருச்சு, இப்ப புதுசா ஒண்ணு அனுப்புறேன். வந்த ஒடனே படிங்க. அதுவரைக்கும் பாறையிலருந்து எறங்கிறாதீங்க."

"எறங்கல."

பின்னால் பெண்களின் குரல்கள் கேட்டன. "என்னாவாம் அக்கா, மாப்புள பாத்துட்டாளா?" என்று ஒருத்தி கேட்க, இன்னொருத்தி, "மாப்புள நம்பரத்தான் சொல்லப் போறாக்கா, பேசாம இரு" என்றாள். கீழிருந்து ஓர் ஆண்குரல் கத்தியது. கங்காணியாக இருக்க வேண்டும். "அங்க என்னா கூட்டம்? சாப்புட்டா எறங்குங்க."

"கொஞ்சம் இருங்க கங்காணி" என்றார் அம்மா. "காலேஜு தொறக்கணுமாம்."

இலக்கங்கள் வந்தன. அம்மா ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுப் படித்தார். நான் அடித்தேன். திறந்தது. துறைத்தலைவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் போனுக்குக் கிட்டே குனிந்து, "அம்மே, போஹொம ஸ்துதி" என்று நன்றி சொன்னார். அம்மாவும் சிங்களத்திலேயே, "பரவாயில்ல மாத்தயா, மகள சீக்கிரமா வீட்டுக்கு அனுப்புங்க" என்று பதில் சொன்னார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில வாரங்களில் மாணவர்களும் புதிய கணக்குகளுக்கு வந்தார்கள். என்ன நடக்கும் என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. கலவான பக்கத்துத் தோட்டங்களிலிருந்து, எங்கள் பக்கத்திலிருந்து, ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட்டார்கள். "மிஸ், நம்பர் அண்ணன் போனுக்குப் போவுது. அண்ணன் கொழும்புல கடையில. மொதலாளி போன எடுக்க விடமாட்டாரு." "மிஸ், அம்மா ரப்பர் பால் வெட்டப் போயிட்டாங்க, போன் அவங்ககிட்ட." ஒவ்வொருவரின் நம்பரையும் மாற்றினேன். போனே இல்லாதவர்களுக்கு, இலக்கங்களை முன்கூட்டியே அச்சடித்துக் கையில் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தேன்.

"பிள்ளைகள் ஏன் அடுத்தவங்க நம்பரைக் கொடுக்கிறாங்க என்று எனக்கு விளங்கவே இல்லை நங்கி" என்றார் துறைத்தலைவர்.

"அடுத்தவங்க இல்ல சேர். வீடு."

வீட்டிலிருந்து வேலை செய்ய அவர் அனுமதி வாங்கித் தந்தார். ஒரே ஒரு நிபந்தனை. பாடங்களுக்குப் பதிவு நடக்கும் காலத்தில் பிள்ளைகள் கூப்பிட்டால் நான் எடுக்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் சொல்வது எனக்குத்தான் விளங்குகிறது. நியாயமான நிபந்தனை. நான் ஓர் அன்டெனா வாங்கினேன். ஜன்னலில் தெரியும் ஒரு கோட்டை அது இரண்டாகவோ மூன்றாகவோ ஆக்கும் என்று கணக்குப் போட்டேன். வேறு யாராவது அப்படி ஒரு கணக்கைக் கொண்டுவந்து காட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

வீட்டில் மேசைக்கு அம்மா ஒரு பூப்போட்ட துணி விரித்திருந்தார். நான் மடிக்கணினியை வைத்ததும் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "இப்ப கதவத் தட்டிட்டுத்தான் வரணுமோ மிஸ்?"

"மெதுவா பேசு. காலேஜு நடக்குது" என்றார் அம்மா.

முதல் காலை வெயில் அடித்தது, எல்லாம் நடந்தது. அம்மா மலைக்குப் போகும்போது என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். வேலை முடிந்து வந்தபோதும் நான் அதே மேசையில் இருந்தேன். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வாசலில் நின்று, "இருக்கியா?" என்றார். "இருக்கேன்" என்றேன். தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனார்.

பிறகு மழை பிடித்தது. கோடு போய்விட்டது. அன்டெனாவை மூங்கிலில் கட்டிக் கூரைக்கு மேல் உயர்த்தினோம். வரும், போகும். இன்டர்நெட்டுக்குக் கம்பி போடலாமா என்று தோட்ட ஆபிசில் கேட்டேன். கம்பி ஆபிசுக்கும் துரை பங்களாவுக்கும் மட்டும்தான் வருகிறது, லயத்துக்கு இழுக்க முடியாது என்றார்கள். பாறைக்குப் போனேன், அம்மாவும் குடையோடு கூடவே வந்தார். மேலே ஏறியதும் போன் அடங்காமல் அதிர்ந்தது. தவறிய அழைப்புகள் எல்லாம் சேர்ந்து வந்தன. பதிவு முடியப்போகிறது என்று கலவான பக்கத்துப் பிள்ளை ஒருத்தி திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருந்தாள். மடிக்கணினியை மடியில் வைத்துத் திறந்தேன். அம்மா குடையை அதற்கு மேலே பிடித்தார். அவர் தலையில் மழை கொட்டியது. அவர் பாதத்தில் அட்டை ஏறியிருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன்.

பிள்ளையின் கணக்கைத் திறந்துவிட்டேன். அவள் பதிந்துவிட்டாள். நான் மடிக்கணினியை மூடினேன். அம்மா குடையை எடுக்கவில்லை.

"புள்ள, நீ போ" என்றார்.

"மழ விட்டா சரியாயிரும்மா."

"இங்க எப்ப மழ விட்டுருக்கு? அந்தப் புள்ளைங்க கூப்புட்டா எடுக்கணும்ல. நான் கூப்புட்டா எடுக்குறியே, அந்த மாதிரி."

"அப்ப நீங்க அங்க வாங்க."

"அந்த வெயில்லயா? நான் காஞ்சு கருவாடாயிருவேன்." சிரித்தார். "நான் மலைய விட்டு எங்கயும் வரலடி."

அந்த வாரமே திரும்பிவிட்டேன்.

சர்வர் அறையில் இப்போது நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஏசி கழற்றப்பட்டுவிட்டது. கல்லூரி முழுவதும் எங்கோ ஒரு நாட்டில் ஓடுகிறது, பெறுபேற்று நாளில்கூட நின்றதில்லை. பக்கத்தில் யாரும் நிற்க வேண்டியதில்லை. தீபாவளிக்கு நான் வீட்டுக்குப் போகிறேன், முன்பெல்லாம் அது முடிந்ததில்லை. ஸ்வெட்டர் என் பெட்டியில் இருக்கிறது. எம்பிலிப்பிட்டியவில் அதைப் போட்டுக்கொள்ள இனி ஓர் இடமும் இல்லை.

கணக்கின் நம்பரை என்னுடையதாக மாற்றிய பிறகு, ஒரு நாள் பகல் அம்மா கேட்டார்: "இப்பல்லாம் நம்பர் வர்றதில்லையே?" அவருடைய போன் பாதுகாப்பான இடத்தில்தான் இருக்கிறது என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, அதை இரண்டாவது நம்பராகச் சேர்த்தேன். அவசரமில்லாத நாட்களில், பகல் சாப்பாட்டு நேரத்தில், இலக்கத்தை அங்கே அனுப்பச் சொல்கிறேன். அம்மா ஒவ்வொன்றாகப் படிக்கிறார். பிறகு, "தொறந்துச்சா?" என்று கேட்கிறார். திறந்தது என்கிறேன்.

மேசை ஜன்னலுக்கு நேராகவே இருக்கிறது. அதில் இன்னும் ஒரு சாமானும் வைக்கவில்லையாம். தோட்டத்துக்கு டவர் வரப்போகிறது என்கிறார்கள், இன்னும் வரவில்லை. அம்மா மலைக்குப் போகிறார். நான் எம்பிலிப்பிட்டியவில் இருக்கிறேன்.