கூப்பிடாமல் விட்ட பந்துவீச்சாளர்

என் கணவர் கொரியாவிலிருந்து முதல் விடுமுறைக்கு வந்தபோது பழைய லேப்டொப் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஒரு பேஸ்போல் விளையாட்டு இருந்தது. தொழிற்சாலைக் கூட்டாளிகளிடம் பழகிக்கொண்டாராம். திரும்பிப் போகும்போது லேப்டொப்பை வீட்டிலேயே விட்டுப் போனார், பாதியில் நின்ற ஆட்டத் தொடரோடு. எங்கள் ஹாலிஎலையில் மழை பிடித்துக்கொண்டால் ஞாயிறு மதியம் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது. நான் படிப்பிக்கும் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக் கொப்பிகளைத் திருத்தி முடித்ததும் அவர் விட்ட இடத்திலிருந்து ஆடத் தொடங்கினேன்.

முதல் நாளே சொதப்பினேன். அவருக்குப் பிடித்த பந்துவீச்சாளன் ஒரு நெட்டையன். களைத்துப் போயிருந்தான். கிரிக்கெட்டில் செய்வதுபோல் கொஞ்சம் ஓய்வு கொடுத்து மறுபடி கூப்பிடலாம் என்று அவனை மாற்றிவிட்டேன். பேஸ்போலில் அந்தக் கதையே இல்லை. வெளியே போனவன் அந்த ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது. பட்டியலில் அவன் பெயர் மங்கிக் கிடந்தது. எத்தனை தடவை அழுத்தியும் வரவில்லை. விளையாட்டுத்தானே என்று இருக்க முடியாமல் அழுதேன்.

அதன் பிறகுதான் எதிரணி மேனேஜரைக் கவனித்தேன். அது கம்ப்யூட்டர்தான், ஆனால் காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும் கங்காணி மாதிரி முகதாட்சணியமே பார்க்காது. பந்துவீச்சாளனின் பலத்தைக் காட்டும் கோடு இறங்கினால் போதும், நன்றாக வீசுகிறவனையும் வெளியே எடுத்துவிடும். இடதுகைக்காரன் அடிக்க வந்தால் இடதுகையால் வீசுகிறவனை இறக்கும். ஒரே ஒருவனுக்கு வீசியதும் அவனுக்கும் வேலை முடிந்தது. ஆனால் இருப்பதிலேயே கெட்டிக்காரனை மட்டும் கடைசி இன்னிங்ஸுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருக்கும். ஒன்பதில் ஏழாவது இன்னிங்ஸிலேயே ஆட்டம் கைநழுவிக்கொண்டிருக்கும், அவனோ ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பான். கஞ்சப் பயலே, அவனை இப்போது கூப்பிடேன் என்று திரையைப் பார்த்துத் திட்டியிருக்கிறேன்.

திட்ட எனக்கென்ன யோக்கியதை? ஒவ்வொரு ஞாயிறும் போனில் அவர் தோள் வலிக்கிறது என்பார். எண்ணெய் தேயுங்கள் என்பேன். ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்கிறார்கள் என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் இஷ்டம் என்பேன். அவர் தலையணைக்கு வாராவாரம் உறை மாற்றுகிறவள் நான். ஆனாலும் வந்துவிடுங்கள் என்று வாய்விட்டுச் சொல்ல ரோஷம். அவருக்கே தோன்றி வரட்டும் என்றிருந்தேன்.

போன ஞாயிறு அந்தக் கெட்டிக்காரன் ஒரு பந்துகூட வீசாமல் ஆட்டம் முடிந்தது. ஜெயித்தது நான்தான். கொஞ்சமும் சந்தோஷமில்லை. கடைசிவரை யாரும் கூப்பிடாமல் அவன் உட்கார்ந்திருந்தது என்னவோ செய்தது. அவர் அழைக்கும் நேரத்துக்குக் காத்திருக்காமல் நானே போனை எடுத்தேன்.

"போதும், வந்துருங்க. எனக்கு முடியல," என்றேன்.



"இத ஒரு வாரத்துக்கு முந்தி சொல்லியிருக்கக் கூடாதா? நீ கூப்பிடுவன்னுதான் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டுட்டேன்."

இன்னும் இரண்டு வருடம் என்றார். சரி என்றேன். தோளுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா என்று கேட்டேன். தேய்க்கிறேன் என்றார்.